முப்பது வருஷம் கழித்து ஒட்டிய பெயர்

அருப்புக்கோட்டையில் பழைய பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "மெட்டெல்லாம் விஸ்வநாதன் போட்டது. ராமமூர்த்தி பக்கத்துல வயலின் வச்சுக்கிட்டு நின்னாரு, அவ்வளவுதான்" என்று ஒரு கட்சி. "ராமமூர்த்தி வெளியே போன அன்னைக்கே பாட்டுல இருந்த கனம் போச்சுய்யா" என்று இன்னொரு கட்சி. டீக்கடையில், தறிக்கூடத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்த வழக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கண்மாய்த் தண்ணீர் வழக்குகூட என்றைக்காவது ஒருநாள் தீர்ப்பாகும். இது ஆகாது.

என்னைக் கேட்டால் வழக்கே தப்பு. யார் எதைப் போட்டார் என்று கேட்பதைவிட, அந்த இரண்டு பேர் எப்படிச் சேர்ந்தார்கள், பிரிந்து முப்பது வருஷம் கழித்து மறுபடி எப்படிச் சேர்ந்தார்கள், அப்படிச் சேர்ந்ததில் எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்று பார்ப்பதுதான் எனக்குச் சுவாரசியம். இளமையில் உயிராக நினைத்த ஒரு குழு பிரிந்து, கிழ வயதில் மேடை ஏறினால் நாம் எதைப் பார்க்கப் போகிறோம்? இந்தக் கேள்வி இன்றைய பிள்ளைகளுக்கும் ஒருநாள் வரும்.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு மீடியத்தில். 1954 நவம்பரிலேயே நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டாலும், சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்டில்தான் நடந்தது. அதற்குப் பிறகும் பிரெஞ்சு வகுப்புகள் நடந்துகொண்டுதான் இருந்தன. பள்ளியில் தமிழுக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம். நான் தமிழை வேகமாக வாசிக்கப் பழகியது கொட்டகை வாசலில் சில பைசாவுக்கு விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகத்தில். மஞ்சளும் சிவப்புமாகச் சாணித்தாளில் அடித்திருப்பார்கள். முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம், "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்ற வகையில் முடியும். அதற்கு மேலே தொழில்நுட்பக் கலைஞர் பெயர்கள். அங்கேதான் அந்தப் பெயரைப் படிப்பேன்: இசை, விஸ்வநாதன், நடுவில் ஒரு சின்னக் கோடு, ராமமூர்த்தி.

பிரெஞ்சில் அந்தக் கோட்டுக்கு 'த்ரே துன்யோன்' என்று பெயர். சேர்த்துவைக்கும் கோடு என்று அர்த்தம். ழான்-பியேர் என்று எழுதினால் அது இரண்டு ஆள் இல்லை, ஒரே ஆள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எங்கள் காதுக்கு விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்பதும் ஒரே ஆளின் பெயர் போலத்தான் ஒலித்தது. அந்த ஒலிக்கும் உண்மைக்கும் பெரிய தூரம் இல்லை என்று பின்னால் புரிந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டி.கே. ராமமூர்த்தி 1922இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். கை வயலினில். எம்.எஸ். விஸ்வநாதன் 1928இல் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்தவர். கை ஹார்மோனியத்தில். இருவரும் சி.ஆர். சுப்பராமன் குழுவில் வேலை பார்த்தவர்கள். சுப்பராமன் 1952 ஜூனில் காலமானபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 'தேவதாஸ்', 'மருமகள்', 'சண்டிராணி' என்று கையிலிருந்த படங்கள் பாதியில் நின்றன. மீதி வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் இந்த இருவரும். அதாவது இவர்கள் ஆசைப்பட்டுத் தொடங்கிய கூட்டு அல்ல அது. வீட்டுப் பெரியவர் திடீரென்று போய்விட, நின்ற தறியை ஓட்ட இரண்டு பேர் உட்கார்ந்த கதை. அந்த வருஷமே என்.எஸ். கிருஷ்ணன் தான் இயக்கிய 'பணம்' படத்தை இவர்களிடம் கொடுத்தார். சிவாஜிக்கும் அது ஆரம்ப காலப் படம்தான். வடக்கே 1949இல் 'பர்சாத்' படத்தோடு சங்கர்-ஜெய்கிஷன் ஜோடி கொடி நாட்டியிருந்தது. இரட்டைப் பெயர் இங்கேயும் வந்தது. வயதில் ஆறு மூத்தவரின் பெயர் இரண்டாவதாக நின்றது.

அடுத்த பதின்மூன்று வருஷத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. 'பாகப்பிரிவினை', 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று சொன்னாலே உங்களுக்குப் பாட்டு வந்துவிடும். 1963இல் சென்னையில் நடந்த விழாவில் மெல்லிசை மன்னர்கள் என்ற பட்டம் கிடைத்தது. 1964 ஒரே வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு 'கர்ணன்': ஷெனாயும் சாரங்கியும் சந்தூரும் இந்துஸ்தானி ராகங்களுமாக ஒரு உலகம். அடுத்த மாதமே 'காதலிக்க நேரமில்லை': கிதாரும் அக்கார்டியனுமாக நேர் எதிர் உலகம். அப்புறம் 'பச்சை விளக்கு', 'கை கொடுத்த தெய்வம்', 'புதிய பறவை', 'படகோட்டி', 'சர்வர் சுந்தரம்'. இத்தனையும் ஒரே கூடத்திலிருந்து, ஒரே வருஷத்தில்.

கூடம் என்று சொன்னேன். அதுதான் முக்கியம். விஸ்வநாதனின் ஆர்மோனியம் இருந்தது, ராமமூர்த்தியின் வயலின் இருந்தது. எதிரே கண்ணதாசன் உட்கார்ந்திருப்பார். உதவிக்கு ஆர். கோவர்த்தனம், ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா. கிதாருக்கு பிலிப்ஸ், அக்கார்டியனுக்கு மங்களமூர்த்தி, டிரம்ஸுக்கு நோயல் கிராண்ட். அந்தக் காலத்து ஒலிப்பதிவில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்து வாசித்தாக வேண்டும். முப்பது பேரில் ஒருவர் கடைசி வரியில் பிசகினால் முப்பது பேரும் முதலிலிருந்து. இப்படி ஒரு வேலையை இரண்டு தலை பார்த்தால்தான் சரிவரும். மெட்டு வார்த்தைக்குப் பொருந்துகிறதா என்று ஒரு தலை, வயலின் வரிசை எங்கே ஏற வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று ஒரு தலை. இதில் எந்தத் தலை எந்தக் கணத்தில் எதைச் செய்தது என்று டீக்கடையில் உட்கார்ந்து பிரித்து எடுக்க முடியுமா?

என் மாமனார் ஊர் திருச்சுழிப் பக்கம். ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். எங்களுக்கு அது குண்டாற்று மணலும், பருத்திக்காடும், கருவேல முள்ளும். ஒரு மழை ஏமாற்றினால் அந்த வருஷம் முழுக்க ஏமாற்றம். கல்யாணமான புதிதில் காரைக்காலிலிருந்து நான் இங்கே வந்தபோது முதலில் கவனித்தது சத்தம் போகும் தூரத்தை. காரைக்காலில் தென்னையும் வாழையும் வீடும் சத்தத்தைத் தின்றுவிடும். இங்கே கரிசல் வெட்டவெளி. சடங்கு வீட்டுப் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் அடுத்த ஊர் தாண்டியும் கேட்கும். வரப்பில் பருத்தி எடுக்கிற பெண்கள் அந்தப் பாட்டோடு சேர்ந்து முனகுவார்கள். ரிக்கார்டு தேய்ந்து ஊசி ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால் அவர்களும் அதே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களில் இலங்கை வானொலி. குழித்தறியில் நாடா ஓடுகிற சத்தத்துக்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டும் என்று ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்திருப்பார்கள்.

1965இல் பிரிந்தார்கள். ஜனவரியில் 'எங்க வீட்டுப் பிள்ளை', ஏப்ரலில் 'வெண்ணிற ஆடை', ஜூலையில் 'ஆயிரத்தில் ஒருவன்'. அதோடு சரி. காரணம் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்தக் கதைகளை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்கள் மூடிவைத்த கதவை நாம் ஏன் தட்ட வேண்டும்?

பிறகு விஸ்வநாதன் தனியாக நூற்றுக்கணக்கான படங்கள் செய்தார், அது ஊரறிந்தது. ராமமூர்த்தி தனியாகச் செய்தவை இருபதுக்குள் அடங்கும். 'சாது மிரண்டால்', 'தேன் மழை', 'நான்', 'மூன்றெழுத்து', 'தங்கச் சுரங்கம்'. 1966இல் வந்த 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி'யும் அவருடையது. பஸ் எங்கள் பாண்டிச்சேரிக்குப் போகிறது என்பதாலேயே காரைக்கால் பையன்கள் அதை மூன்று தடவை பார்த்தோம். பிறகு அந்த பஸ் இந்தியில் 'பாம்பே டு கோவா' என்று ஓடியது வேறு கதை. அந்தப் படங்களைக் கேட்டவர்கள் ராமமூர்த்திக்கு மெட்டு வராது என்று சொல்ல மாட்டார்கள். 'உலகம் சுற்றும் வாலிபன்' கேட்டவர்கள் விஸ்வநாதனுக்கு வாத்தியக்கோவை வராது என்றும் சொல்ல மாட்டார்கள். இரண்டு கட்சிக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கட்சிக்காரர்களுக்குப் பதில் பிடிக்காது, வழக்குத்தான் பிடிக்கும்.

வடக்கே என்ன ஆயிற்று தெரியுமா? ஜெய்கிஷன் 1971 செப்டம்பரில் இறந்துவிட்டார். சங்கர் அதற்குப் பிறகும் பதினாறு வருஷம், 1987இல் தான் சாகும்வரை, சங்கர்-ஜெய்கிஷன் என்ற பெயரிலேயே இசையமைத்தார். அங்கே ஆள் போய்ப் பெயர் நின்றது. இங்கே இரண்டு ஆளும் ஒரே ஊரில் உயிரோடு இருக்க, பெயர் மட்டும் முப்பது வருஷம் இல்லாமல் போயிற்று. எது அதிகக் கஷ்டம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் பிரிந்தவர்களின் பாட்டு பிரியவில்லை. 1977 சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். நின்றது எங்கள் அருப்புக்கோட்டைத் தொகுதியில். அதற்கு முன் இரண்டு முறை பரங்கிமலை, அதற்குப் பின் மதுரை மேற்கு, ஆண்டிப்பட்டி. முதன்முதலாக முதலமைச்சர் ஆனது மட்டும் அருப்புக்கோட்டை உறுப்பினராக. அந்த ஜூன் மாத வெயிலில் பிரசார வண்டிகளில் ஓயாமல் ஓடிய பாட்டுகளில் 'எங்க வீட்டுப் பிள்ளை'யும் 'ஆயிரத்தில் ஒருவ'னும்தான் முன்னால் நின்றதாக என் மச்சான், என் மனைவியின் அண்ணன், இன்றைக்கும் சொல்வார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கலைந்த ஒரு கூடத்தின் சத்தம் ஊர் ஊராக ஓட்டுக் கேட்டது.

முதல் சேர்க்கை 1995இல். சத்யராஜ் நடித்த 'எங்கிருந்தோ வந்தான்'. சந்தான பாரதி இயக்கம், மலையாளச் 'சித்திரம்' படத்தின் தமிழ். இசை, விஸ்வநாதன்-ராமமூர்த்தி. அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் காரைக்காலில் போய் உட்கார்ந்தேன். டைட்டிலில் அந்தப் பெயர் வந்தபோது முன்வரிசைப் பையன்கள் சும்மா இருந்தார்கள், பின்வரிசையில் எங்களைப் போல நரைத்த நாலு பேர் கைதட்டினோம். படம் முடிந்து வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது பாட்டை முணுமுணுத்துப் பார்த்தேன். வாயில் வந்தது 1964.

இதற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விஸ்வநாதனுக்கு 67 வயது, ராமமூர்த்திக்கு 73. கண்ணதாசன் 1981இலேயே போய்விட்டார். 'ரோஜா' வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒலிப்பதிவு என்றால் ஒருவர் இன்று வாசிப்பார், ஒருவர் அடுத்த வாரம் வந்து அதன்மேல் வாசிப்பார், முப்பது பேர் முகம் பார்த்து மூச்சுப் பிடித்து உட்கார வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு பேரைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். அவர்கள் சேர்ந்து வேலை பார்த்த கூடத்தைக் கூட்டி வர யாராலும் முடியாது.

அமெரிக்காவிலும் இதே கதை ஒன்று உண்டு. சைமன், கார்ஃபங்கல் என்ற இரண்டு பாடகர்கள் 1970இல் பிரிந்தார்கள். 1981 செப்டம்பர் 19 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சேர்ந்து பாடினார்கள். ஐந்து லட்சம் பேர் திரண்டார்கள் என்று கணக்கு. அந்த உற்சாகத்தில் புது ஆல்பம் ஒன்றைச் சேர்ந்து செய்ய உட்கார்ந்தார்கள். முடியவில்லை. 1983இல் அது சைமனின் தனி ஆல்பமாகத்தான் வெளிவந்தது. மேடையில் சேர்வது ஒரு மாலை வேலை. கூடத்தில் சேர்வது வேறு.

எங்கள் ஜோடி மேடையில் சேர்ந்தது 2012 ஆகஸ்டில், சென்னையில், ஜெயா டிவி விழாவில். முதலமைச்சர் ஜெயலலிதா இருவருக்கும் திரையிசைச் சக்கரவர்த்தி என்ற பட்டமும், ஆளுக்கு 60 பொற்காசும் ஒரு காரும் கொடுத்தார். அவருடைய முதல் தமிழ்ப்படம் 'வெண்ணிற ஆடை', எம்.ஜி.ஆரோடு முதல் படம் 'ஆயிரத்தில் ஒருவன்' என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த விழாவுக்கு இன்னொரு அர்த்தம் தெரியும். கொடுத்தவரும் அந்தக் கூடத்திலிருந்து கிளம்பியவர்தான். ராமமூர்த்திக்கு 90, விஸ்வநாதனுக்கு 84. பத்ம விருது கடைசிவரை இருவருக்கும் வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். டெல்லிக்குக் காது மந்தம்.

நான் ஓய்வு பெற்று அருப்புக்கோட்டையிலேயே குடியேறிவிட்ட காலம் அது. விழாவைத் தொலைக்காட்சியில் போட்ட அன்று மச்சான் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். 2012 என்றால் ஞாபகம் இருக்குமே, சென்னைக்கு வெளியே கரண்டு ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். மச்சானின் விசைத்தறி அந்த வருஷம் ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். மேடையில் பழைய பாட்டுகளைப் பாடிக்கொண்டிருக்க, கேமரா அந்த இரண்டு கிழவர்களிடம் போகும்போதெல்லாம் மச்சான் முன்னால் குனிவார். சரியாக அப்படி ஒரு இடத்தில் கரண்டு போயிற்று.

இருட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மச்சானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரும் அவர் தம்பியும் ஒரே கூடத்தில் தறி போட்டவர்கள். பாவு பிடிப்பது, சாயம் பார்ப்பது அண்ணன். நூல் வாங்குவது, சேலை விற்பது தம்பி. பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள். அதற்குப் பிறகு இருபது வருஷமாகப் பேச்சு இல்லை. கல்யாணம், காரியம் என்று வந்தால் வந்த தடம் தெரியாமல் போய்விடுவார்கள்.

"மாப்ள," என்றார் இருட்டிலிருந்து. "அவங்க ரெண்டு பேரும் மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி, காருல வர்றப்ப, என்ன பேசியிருப்பாக?"

"ஒரே காருல வந்தாகளான்னே தெரியாதே மச்சான்."

"அட, சும்மா சொல்லுங்க."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி வீட்டிலும் அதே நேரம் கரண்டு போயிருந்தது. அங்கேயும் அதே நிகழ்ச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. பாதியில் நின்ற பாட்டை யாரோ அந்தப் பக்கம் முணுமுணுப்பது கேட்டது. மச்சானுக்கும் கேட்டிருக்கும். விசிறியை எடுத்து விசிற ஆரம்பித்தார்.

எட்டு மாதம் கழித்து 2013 ஏப்ரல் 17 அன்று ராமமூர்த்தி காலமானார். அதற்கு மூன்று நாள் முன்னால் பி.பி. ஸ்ரீனிவாஸ் போயிருந்தார். மே 25 அன்று டி.எம். சௌந்தரராஜன். ஆறு வாரத்தில் மூன்று பேர். 2012இல் அந்த மேடை நடக்காமல் ஒரு வருஷம் தள்ளிப்போயிருந்தால் தமிழ்நாடு என்றைக்கும் பார்த்திருக்காது. எனக்கு அந்த விழாவில் பெரிதாகத் தெரிவது பொற்காசு அல்ல, இந்தக் கணக்குத்தான். விஸ்வநாதன் 2015 ஜூலை வரை இருந்தார்.

அவர்கள் கூடத்தை மறுபடி கேட்க வழி வேறு திசையிலிருந்து வந்தது. 2012 மார்ச்சில் 'கர்ண'னை டிஜிட்டலில் புதுப்பித்துத் திரையரங்கில் வெளியிட்டார்கள். சென்னையில் 150 நாள் தாண்டி ஓடியது. பேரன்களைக் கூட்டிக்கொண்டு தாத்தாக்கள் போனார்கள். தேய்ந்த ரிக்கார்டிலும் குழாய் ஸ்பீக்கரிலும் நாங்கள் கேட்டே இராத வாத்தியங்கள் அதில் இருந்தன. நாற்பத்தெட்டு வருஷம் கழித்து முதன்முதலாகச் சாரங்கியைத் தனியாகப் பிரித்துக் கேட்டேன்.

2014 மார்ச்சில் 'ஆயிரத்தில் ஒருவ'னும் அப்படி வந்தது. இருவரும் சேர்ந்து செய்த கடைசி வருஷத்துப் படம். மதுரைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று மச்சான்தான் சொன்னார். டிக்கெட்டுக்கு என்னிடம் பணம் கொடுக்கும்போது மூன்று பேருக்குக் கொடுத்தார். மூணாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. காலையில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். மதுரை வரை அவர்கள் பேசியதெல்லாம் பஸ் கட்டணம் ஏறியதைப் பற்றியும், பந்தல்குடிப் பக்கம் மழை இல்லாததைப் பற்றியும்தான். அதுவும் என் வழியாக.

கொட்டகையில் எனக்கு இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் தம்பி. டைட்டிலில் பெயர் வந்தது. பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். முதல் பாட்டு தொடங்கியதும் இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் கை என் நாற்காலிக் கைப்பிடிக்கு வந்து தாளம் போட ஆரம்பித்தது.